பச்சை என்று சொன்னேன்

பண்டாரவளையில் மூன்று நாள் வாலிபர் முகாம் முடிந்து திரும்பி வந்தபோது என் பையில் ஒரு குறிப்புப் புத்தகமும் வாயில் நிற்காத பேச்சும் இருந்தன. தொண்ணூறுகளின் கடைசி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் அப்பா கணக்கப்பிள்ளை. அந்தத் தோட்டத்துச் சிறிய ஆலயத்தில் நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. முகாமில் கேட்ட ஒரே விஷயம் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கடவுள் முதல் மனிதனைப் படைத்து வைத்தது ஒரு தோட்டத்தில். அவனுக்குக் கொடுத்த முதல் வேலையே அதைக் காப்பதுதான். அப்படியானால் மரம் வெட்டுவது பாவம். இவ்வளவு எளிதான விஷயத்தை ஏன் இத்தனை காலம் ஒருவரும் சொல்லவில்லை என்று பஸ்ஸிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

முதலில் போதகரிடம்தான் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகிப் பதுளையில் இருந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் தோட்டத்துக்கு வருவார்.

"உலகம் ஒருநாள் அழிஞ்சுபோற சாமான், பிள்ளை," என்றார். "ஆத்துமாதான் மிஞ்சும். நீர் மூண்டு நாள் போய் வந்திட்டு மரம் மரம் எண்டு கதைக்கிறீர். இஞ்சை எத்தினை சனம் குடிச்சுக் கெட்டுப்போகுது. அதுகளை ஆர் பாக்கிறது?"

"தண்ணி வத்திப்போனா ஞானஸ்நானம் எதுல குடுப்பீங்க ஐயா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அந்த வயதில், எதிரே இருப்பவர் சிரித்தால் தோற்றுவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நான் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த நான்கு லயங்களுக்கும் ஒரே பீலிதான். மலையில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருந்தார்கள். குடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அதில்தான். ஊற்றுக்கு மேலே, தேயிலை போடாமல் விட்ட ஒரு காட்டுத்துண்டு. ஆண்டுக்கு ஆண்டு அதன் ஓரம் தேய்ந்துகொண்டே வந்தது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பீலி நூலாக ஒழுகும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். காட்டை விட்டுவைத்தால் தண்ணீர் நிற்கும். இதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

வாலிபர் சங்கத்தில் ஏழு பேரைச் சேர்த்தேன். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அவருக்கு என் ஆங்கிலம் பிடித்துவிட்டது. இரண்டு டின் பச்சைப் பெயின்ட் கொடுத்தார். கூடவே ஆபீஸ் சுவரில் ஓர் அறிவித்தலும் ஒட்டச் செய்தார்: காய்ந்த விறகு பொறுக்கலாம், பச்சை மரம் வெட்டியவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. அந்த இரண்டாவது வரியை நான் கேட்கவில்லை. ஆனால் பார்த்தபோது மனம் நிறைந்தது.

ஊற்றுப் பாதையில் பலகை நட்டோம். 'இது கடவுளின் தோட்டம். பச்சை மரத்தை வெட்டாதீர்கள்.' எழுத்து என்னுடையது. அடுத்த நாள் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் பலகையின் முன்னே நின்றுவிட்டார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்க வாசித்தாள்.

"அப்ப கடவுளும் தொரையாயிட்டாரா?" என்றாள் இன்னொருத்தி.

"தொரை அவரு. கங்காணி நம்ம பாப்பா," என்று என்னைக் காட்டினாள் மற்றொருத்தி.

"முதல் மனுசனுக்கு அந்தத் தோட்டத்துல பேர் பதிஞ்சிருந்திச்சாங்க, பாப்பா? இல்ல, நம்மள மாதிரி கைக்காசுக்கு வேலை செஞ்சாரா?"

கடைசியாகக் கேட்டவள் எங்கள் சபையைச் சேர்ந்தவள். நான் அக்கா என்பேன். புருஷன் காய்ச்சலில் செத்து ஓராண்டு ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. சனிக்கிழமைகளில் ஆலயத்தைக் கூட்டி, மெழுகுதிரிச் சிந்தல்களைச் சுரண்டி எடுப்பாள். வாய் மட்டும் கத்தி. அவள் இருந்த காம்பரா, லயத்தில் ஓர் அறை, புருஷன் பேரில் இருந்தது. அவன் போனதும் அது தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். நிரந்தரத் தொழிலாளியாகச் செக்ரோல் என்ற பதிவேட்டில் அவள் பேரைப் பதிந்தால் காம்பரா அவளுக்கே நிற்கும். பதியாவிட்டால் வெளியே. அந்த ஓராண்டு முழுக்க அவள் அன்றாடக் கூலிக்கு வேலை செய்து, பதிவுக்காகக் காத்திருந்தாள். தை மாதம் பதியலாம் என்று துரை சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரியும். என் அப்பாதான் அந்தப் பட்டியலை எழுதியவர்.

"எல்லாரும் முதல்ல அந்தத் தோட்டத்துலதான் இருந்தாங்க, அக்கா," என்று நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"இருந்தாங்க. பொறகு பேர் வெட்டித் தொரத்திட்டாரு. அந்தக் கதை எனக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். பெண்கள் சிரித்தது வளைவு தாண்டியும் கேட்டது.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு எழுத வேண்டும்.

மார்கழி மழை பிடித்துக்கொண்டது. எங்கும் பனியும் ஈரமும். ஒரு பகல், மழை சற்று விட்டபோது, காட்டு ஓரத்தில் அவள் தலையில் விறகுக் கட்டோடு இறங்கி வருவதைக் கண்டேன். மணிக்கட்டுத் தடிமனில் நீளக் கட்டைகள். பச்சையாக இருந்தன. நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, கடவுள் காவலுக்கு வைச்சிட்டாரா?"

"அக்கா, இது பச்சை மரம்."

"போதகர் ஐயாவுக்கு ஆத்துமா. ஒங்களுக்கு மரம். சோத்த வேகவைக்கிறது யாரு?" என்றாள். கட்டு கனத்தது, மேற்கொண்டு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று மாலை சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சும்மா இரு," என்றார். சும்மா இருப்பதுதான் இந்தத் தோட்டங்களின் நோய் என்று முகாமில் குறித்து வைத்திருந்தேன். மறுநாள் துரைக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். ஆள், இடம், நேரம் எல்லாம் தெளிவாக. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

விசாரணை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. துரை நாற்காலியில், அப்பா மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றார். அக்கா படியில், முந்தானையைப் போர்த்திக்கொண்டு. துரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்பா அதைத் தமிழில் என்னிடம் கேட்டார், என் முகத்தைப் பாராமல்.

"நீ கண்ட வெறகு பச்சையா, காய்ஞ்சதா?"

"பச்சை. என் கண்ணால கண்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். "பாப்பா, அது பாசி. மழையில விழுந்து கெடந்த கொப்பு. பச்சை வெறகுன்னா அன்னைக்கே எரிச்சுச் சோறாக்க முடியுமாங்க? ஆக்கித் தின்னுட்டேனே. கேட்டுப் பாருங்க, லயத்துல பொகை வந்திச்சான்னு."

அப்பா அதை மொழிபெயர்த்தார். முழுவதையும் மொழிபெயர்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது இரண்டே வார்த்தை நீளம் இருந்தது. துரை என் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். படித்த பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறது. படியில் நிற்பவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பதிவுப் பட்டியலை வாங்கி ஒரு பேரின் மேல் கோடு போட்டார். மாத முடிவுக்குள் காம்பராவை விட வேண்டும் என்றார். அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முகத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போல.

இந்தக் கதையில் நான் ஒருவர் பேரையும் எழுதவில்லை. அவள் பேரை எழுத எனக்கு உரிமையும் இல்லை. எழுத வேண்டிய ஓரிடத்தில் அதை எழுதவிடாமல் செய்தவள் நான்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னார்: "பாசி புடிச்ச கட்டையப் பச்சைன்னு சொல்லிட்டியே. ஒரு கொப்ப ஒடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ எங்க வெறகு பொறுக்கினே."

"அப்ப நீங்க ஏன் சொல்லல?"

"தொரை முன்னுக்கு எம்மகள பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?"

அப்பா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்யுது என்பதுபோலச் சொன்னார்.

ஆலயத்தின் பின்னால் போய், மழையில் கிடந்த ஒரு கொப்பை எடுத்தேன். மேலெல்லாம் கரும்பச்சைப் பாசி, தொட்டால் நனைந்த கம்பளி மாதிரி. முழங்காலில் வைத்து ஒடித்தேன். பட்டென்று ஒடிந்தது. உள்ளே வெளிறிய மரம், காய்ந்து நார் நாராக. பதினெட்டு வயதுவரை தோட்டத்திலேயே வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டு விறகை யாரோ வெட்டி, யாரோ அடுக்கி வைப்பார்கள். பிறகு சமையலுக்குக் கேஸ் வந்துவிட்டது. பச்சை என்றால் எனக்கு ஒரு நிறம். லயத்தில் பச்சை என்றால் ஈரம், உயிர். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் அவர்களுக்குப் பலகை எழுதியிருக்கிறேன்.

துரையிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அடுத்த ஞாயிறு பேராயர் வருவதாக இருந்தது, நாங்கள் காப்பாற்றிய காட்டை ஆசீர்வதிக்க. நான் போதகரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "பேராயர் வந்து போகட்டும். இப்ப இதைக் கிளப்பினால் ஊழியத்துக்குத்தான் இழுக்கு. அந்தப் பெண்ணுக்காக நாங்கள் ஜெபிப்பம்."

"அவங்க காம்பராவ விடணும் ஐயா, மாசம் முடியிறதுக்குள்ள."

"இஞ்சை ஆருக்குப் பிள்ளை நிரந்தர வீடு இருக்கு? நீர்தானே படைப்புப் பெரிசு எண்டு என்னோடை சண்டை பிடிச்சீர். இப்ப படைப்புக்குத்தான் பேராயர் வாறார்."

அவரைத் திட்டி எழுதுவது சுலபம். ஆனால் எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. வேறு யாரிடம் போனாலும் கிடைக்காது என்று தெரிந்துதான் அவரிடம் போனேன். இத்தனை நாளும் அவருக்கு ஆத்துமா முதல், எனக்குப் படைப்பு முதல் என்று வழக்காடியிருந்தோம். அன்று இருவரும் மிக எளிதாக ஒத்துப்போனோம்.

ஞாயிறு வந்தது. ஊற்றுக்கு மேலே, மரங்களின் அடியில் ஆராதனை. பேராயர் என் பலகையைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் பிள்ளையைப் போல ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருத்தி இருந்தால் போதும் என்றார். பிறகு எங்கள் வழக்கப்படி, சபையார் யாராவது ஜெபிக்கலாம் என்று போதகர் சொல்லி வாய் மூடவில்லை, பின்வரிசையில் அக்கா எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, காட்டக் குடுத்தீங்க, ஸ்தோத்திரம். தண்ணியக் குடுத்தீங்க, ஸ்தோத்திரம். எங்க பாப்பாவுக்குப் பெரிய படிப்பக் குடுத்தீங்க, ஸ்தோத்திரம். வெறகு பாக்க மட்டும் சொல்லிக்குடுக்க மறந்திட்டீங்க. அதையும் குடுத்திருங்க சாமி. மழையில கெடந்த கட்டையில பாசி புடிக்கும்னு சொல்லிக்குடுங்க. என் பேரு ஒங்க பொஸ்தகத்துல இருந்தா போதும்னு போதகர் ஐயா சொல்றாரு. தொரை பொஸ்தகத்துலயும் இருந்திருந்தா மழைக்கு ஒதுங்க எடம் இருந்திருக்கும். ஆமென்."

"ஆமென்," என்றது சபை. யார் ஜெபித்தாலும் அப்படித்தான். வாய் தானாகச் சொல்லிவிடும். எனக்குப் பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். கொழும்பிலிருந்து வந்த பேராயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஆமென்தான் எல்லாரையும்விட உரத்துக் கேட்டது. நானும் சொன்னேன். போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணை அறிவித்தார்.

மறுநாளே மூன்றாவது கடிதத்தைக் கொண்டுபோனேன். நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அது காய்ந்த விறகு என்று எழுதியிருந்தேன். துரை நின்றபடியே வாசித்தார். அந்த இடத்தில் வேறு பேர் பதிந்தாயிற்று என்றார். பிறகு, என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, பதுளையில் ஏதாவது வேலைக்கு விண்ணப்பிக்கலாமே என்றார். கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

காடு இன்னும் இருக்கிறது. போன வருடம் போய்ப் பார்த்தேன். கச்சான் காலத்திலும் பீலி விரல் தடிமனில் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தேன். நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. மரம் காப்பது விசுவாசத்தின் வேலைதான் என்று இன்றைக்கும் கூட்டங்கள்தோறும் போய்ப் பேசுகிறேன். பேசுமுன் அந்த ஊரில் அடுப்பு எதில் எரிகிறது என்று கேட்கிறேன். கேட்பதால் பழையது ஒன்றும் சரியாவதில்லை.

அந்த மார்கழி மாதக் கடைசியில் அவள் போன பகல் நான் லயத்துக்குப் போயிருந்தேன். ஹாலிஎலயில் அவள் தம்பி வீட்டில் ஒரு மூலை கிடைத்திருந்தது. பாயும் சட்டிபானையும் விறகு கட்டும் கயிற்றாலேயே கட்டப்பட்டிருந்தன. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, நான் கடிதம் குடுத்தேன். தொரை..."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, கட்டத் தூக்கிவிட வந்தீங்களா?"

நான் கட்டின் ஒரு பக்கம் குனிந்தேன்.

"தூக்கிவிடுங்க. மத்தது வேணாம்."

தூக்கி அவள் தலையில் வைத்தேன். முதல் தடவை இடுப்புக்கு மேல் எழவில்லை, இரண்டாம் தடவைதான் ஏறியது. "அவ்வளவுதானா ஒங்க பெலம்," என்றாள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு காலால் அடுப்பங்கரைப் பக்கம் காட்டினாள். எரித்து மிஞ்சிய ஒரு பிடி விறகு சுவரோரம் கிடந்தது.

"அதை எடுத்துக்கிட்டுப் போங்க. காய்ஞ்சது. எழுதி வைச்சுக்குங்க."

பஸ் பாதைக்கு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, தலையில் கட்டு இருக்கும்போது திரும்ப முடியாது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த விறகை எடுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து குசினியில் நின்றேன். எங்களிடம் அதை எரிக்க ஒரு விறகடுப்பு இருக்கவில்லை.