602-இல் ஒரு சென்னை

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் பெட்டியோடு நிற்கிறேன். நாளை காலை மயிலாப்பூரில் வேலை. இணையத்தில் 'சென்னை' என்று போட்டிருந்ததை நம்பி இங்கே அறை எடுத்தேன். லாட்ஜுக்குப் போன் போட்டு வழி கேட்டதற்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறி சுங்குவார்சத்திரத்தில் இறங்கச் சொன்னபோது, அதையும் சென்னையின் ஒரு பேட்டை என்றே நினைத்துக்கொண்டேன். ஒன்றரை மணி நேரமாக லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து இறங்கினால், எதிரே கம்பெனி பஸ்களும் டீக்கடையும், அதற்குப் பின்னால் வயலும். லாட்ஜ் போர்டிலும் கூச்சமில்லாமல் சென்னை.

"இது எந்த சென்னைங்க?" என்று மேனேஜரிடம் கேட்கிறேன்.

அவர் நிதானமாக டீயை ஆற்றுகிறார். "இன்னா சார், பின்கோடு பாக்கலியா? மெட்ராஸ்னா அறுநூறுல ஆரம்பிக்கும். நம்மளுது அறுநூத்தி ரெண்டு. போர்டுலயே கீது. ஊர் பேரு அவனவன் இஷ்டத்துக்குப் போட்டுக்குவான் சார். நம்பருல பொய் சொல்ல முடியாது."

அவருடைய நேர்மை எனக்கு எரிச்சலூட்டுகிறது. பதிவேட்டை இழுத்து என் பெயரையும் முகவரியையும் கிறுக்கித் தள்ளுகிறேன். அவர் பெயரைப் பார்க்கவில்லை, நேராகக் கடைசி வரியிலுள்ள பின்கோடுக்குப் போகிறார்.

"கோயம்புத்தூர்னு எழுதிக்கீறீங்க. அறுநூத்தி நாப்பத்திரெண்டு பொள்ளாச்சி தான சார்?"