மஃரிப் தெரியாத புரோகிராம்

அல்லாஹ்வை நம்புவேன். ஆனால் அமானுஷ்யம் அது இது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், கம்ப்யூட்டரை வைத்துச் சோறு தின்பவனுக்கு அதெல்லாம் சரிப்படாது. இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

ஊர் லப்பைக்குடிக்காடு, வேலை துபாயில். தேதிகளை நொடிக்கணக்காக மாற்றுவதுதான் பிழைப்பு. கம்ப்யூட்டருக்கு நாளும் கிழமையும் கிடையாது, 1970 ஜனவரி ஒன்றிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்கிற ஒரே நீள எண்தான். என்னைப் பெற்ற அத்தா மவுத்தான பிறகு, அவர் இறந்த நாளில் வருஷாவருஷம் ஓதும் ஃபாத்திஹாவுக்கு ஊர் வர வசதியாக ஒரு புரோகிராம் எழுதினேன். பிறைக்கணக்குத் தேதியைக் கொடுத்தால் இங்கிலீஷ் தேதியும் நொடி எண்ணும் தரும். போன வருஷம்தான் முதல்முறை, அது காட்டிய எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியில் ஊர் சேருகிற மாதிரி டிக்கெட் போட்டேன்.

திருச்சியில் இறங்கி, பெரம்பலூரில் பஸ் மாறி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். நேரமாகிவிட்டதே என்று மணி பார்த்தேன், ஆறு பன்னிரண்டு. அம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"சரியா வந்துட்டியே தம்பி. இங்கிலீஷ் நாளைப் பாத்துட்டு நாளைக்கு வந்து நிப்பியோன்னு இருந்தேன். நமக்கு மஃரிபோட அடுத்த நாள் பொறந்துடும்ல, இந்த ராவுதான் அத்தாவோடது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் மதரசாவில் படித்ததுதான், எழுதும்போது சுத்தமாக மறந்திருந்தேன். என் புரோகிராமில் நாள் நடுராத்திரிதான் மாறும், அது நாளைய தேதியையல்லவா காட்டியிருக்க வேண்டும்.

ஃபாத்திஹா ஓதி, அம்மாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். விடிகாலை ஃபஜ்ர் தொழுத பாயிலேயே அம்மா போய்விட்டார்கள். காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை. அந்த நடுராத்திரிக் கணக்குப்படி மறுநாள் வந்திருந்தால் மய்யித்தைத்தான் பார்த்திருப்பேன். அந்த ஒரு ராத்திரியைக் கொடுத்த ரப்புக்கு எத்தனை சுக்ரு செய்தாலும் தீராது.

துபாய் திரும்பியதும் அதே பிறைத்தேதியை மறுபடி கொடுத்துப் பார்த்தேன். நான் ஊர் போய்ச் சேர்ந்த நாளைக் காட்டவில்லை, அதற்கு மறுநாளைக் காட்டியது. நம்பினால் நம்புங்கள், பத்து முறை கொடுத்தேன், பத்து முறையும் மறுநாள்தான்.

கடைசியில் பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து, குறித்திருந்த எண்ணைத் தேதியாகத் திருப்பினேன். என் புரோகிராம் தருகிற எந்த எண்ணும் நடுராத்திரி பன்னிரண்டில்தான் நிற்கும், மணி நிமிடம் போட நான் எழுதவே இல்லை.

அந்த எண் ஊர் நேரப்படி மாலை ஆறு பன்னிரண்டில் நின்றது.