அத்தான் கொடுக்காத ரத்தம்

என் அத்தான், அதாவது அக்காளின் கணவர், மேடையில் ஏறிவிட்டால் லேசில் இறங்க மாட்டார். யுத்த காலத்தில் ராஜபாளையத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவர் கழுத்துக்கென்று ஒரு மாலை தனியாக வந்துவிடும். காயம்பட்ட பட்டாளத்துக்காரர்களுக்காக மதுரையிலிருந்து டாக்டர்கள் ரத்தம் எடுக்க வந்த அன்றும் அவர்தான் பேச்சாளர். பள்ளிக்கூடத் திடலில் இளவட்டங்களை உட்காரவைத்து, அவர்கள் உடம்பில் ஓடுவது ரத்தமா வெந்நீரா என்று கேட்டார். பயல்கள் கைதட்டினார்கள். அவர் உடம்பில் ஓடுவது என்ன என்று எனக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் அக்காளுக்குத் தலைப்பிரசவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் நடத்திவந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆண் குழந்தை பிறந்தது, உதிரப்போக்கு நிற்கவில்லை. யாராவது ரத்தம் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டரம்மா. வந்திருந்தவர்களின் விரலைக் குத்திச் சோதித்ததில் இரண்டு பேருடையதுதான் சேர்ந்தது. ஒன்று அத்தானுடையது, இன்னொன்று என்னுடையது. நான் ஒட்டடைக்குச்சி. அத்தானோ ஆறடி ஆள், காலையும் மாலையும் கர்லாக்கட்டை சுற்றுகிறவர். டாக்டரம்மா அவரைத்தான் கூப்பிட்டார்.

அத்தான் சட்டைக் கையை மடித்தும்விட்டார். அப்போது அவருடைய அம்மா குறுக்கே வந்தாள்.

"ஏலே, ஒன் ரத்தம் அவ ஒடம்புல ஓடுச்சுன்னா அவ ஒனக்குத் தங்கச்சி முறைல்லா? பொறவு எப்படி அவளோட குடும்பம் நடத்துவ?"

மடித்த கை இறங்கிவிட்டது. ஒரே ரத்தம் என்றால் பங்காளி. பங்காளிக்குள் புருஷன் பெண்டாட்டி உண்டா என்று வராந்தாவில் வழக்கு நடந்தது. கிழங்கள் எல்லாம் கூடி, பிறந்திருக்கும் பிள்ளை இனி அத்தானுக்கு மகனா மருமகனா என்பதுவரை போய்விட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காள் வெளுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஞானத்துக்கும் நடுவே அத்தானின் பெரியப்பா என் பக்கம் திரும்பினார். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சின்னவள் இருக்கிறாளே என்றார். அத்தான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் தாரமாக என்னை அங்கேயே நிச்சயம் பண்ணிவிட்டார்கள், முதல் தாரத்துக்கு உயிர் இருக்கும்போதே. எனக்கு வந்தது கோபம். நேரே உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கையை நீட்டினேன். கல்யாணம் ஆகாத பிள்ளை ரத்தம் கொடுத்தால் வற்றிப்போவாள் என்று அத்தானின் அம்மா கதவோரம் நின்று புலம்பினாள். வற்றினால் வற்றிவிட்டுப் போகிறேன் என்றேன்.

அக்காள் பிழைத்தாள். வராந்தாவில் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. மறுநாள் அத்தான் வாங்கிவந்த ஆரஞ்சுப் பழத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றாள். அதைப்பற்றி அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அந்தக் கூட்டம் நடந்த நாள் வரைக்கும்.

திடலில் அத்தான் பேச்சில் கடைசிச் சொட்டு ரத்தம் வரைக்கும் வந்துவிட்டார். ஆனால் டாக்டர்களின் கூடாரத்துக்குள் போட்டிருந்த கட்டில்கள் காலியாகவே கிடந்தன. கைதட்டிய பயல்கள் ஒருவனை ஒருவன் பார்த்தார்களே தவிர, எவனும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அக்காள் எழுந்தாள். மகனை என் மடியில் விட்டுவிட்டு மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"நீங்க மொதல்ல வந்து படுங்க. பயப்படாதீய. பட்டாளத்துக்காரன நீங்க கட்டிக்கிடவா போறீய?"

ஆஸ்பத்திரிக் கதை ஊருக்கே தெரியும். திடல் முழுக்கச் சிரித்தது. அத்தான் மாலையோடு இறங்கிவந்து படுத்தார். பக்கத்துக் கட்டிலில் அக்காள் படுத்தாள். ஒரு பொம்பளை படுத்த பிறகு இளவட்டங்களால் உட்கார்ந்திருக்க முடியுமா? வேட்டியைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவனாக எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள்.

தன் பேச்சைக் கேட்டுத்தான் அத்தனை பேரும் ரத்தம் கொடுத்தார்கள் என்று அத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். ஊசி இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் அக்காளின் கையைத் தேடியதை நான் பார்த்தேன். அவள் கொடுக்கவில்லை.