மேனேஜரின் ஆச்சரியக்குறி

ஆச்சரியக்குறியைப் பார்த்தால் எனக்கு அழுகிய இறால் நாற்றம் அடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி, ஏற்றுமதிச் சரக்குக்குக் காகித வேலை பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். குறியும் அவருடையது, நாற்றமும் அவருடையது.

கன்டெய்னர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் எடிட்டர் என்கிற எழுதும் மென்பொருளில் திறந்து ஒரு கட்டளை கொடுத்தால் அதுவே சரிபார்த்துக்கொள்ளும்படி ஃபங்ஷன்கள் எனப்படும் சின்ன நிரல்கள் எழுதி வைத்தவர், எங்கள் பிரிவில் மூத்தவரான நாசரேத்து அக்கா. இறாலுக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. மேனேஜர் உப்புச் சரக்குப் பட்டியலுக்காக அதை நகலெடுத்து, எண்களோடு வரும் கோடுகளையெல்லாம் நீக்கும்படி உள்ளே மாற்றினார். பெயரை மாற்றச் சோம்பல். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை மாற்ற வேண்டுமானால் ஆச்சரியக்குறி சேர் என்று எடிட்டர் தடுத்தது. எது அழிகிறது என்று ஒரு மனிதன் பார்க்க வேண்டாமா? "என்னத்துக்குலே இது கேள்வி கேக்கு? ஒரு ஆச்சரியக்குறியப் போட்டா வாய மூடிக்கிடும்" என்று தன் மேசையிலிருந்தே என்னிடம் பெருமையடித்தார். அதன்பின் யார் எடிட்டரைத் திறந்தாலும் அக்காவுடையது முதலில் வரும், இவருடையது சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டு உட்காரும்.

அடுத்துப் போன இறால் பட்டியலில், பதினெட்டுக்கு முன்னால் இருந்த மைனஸ் கோட்டையும் மேனேஜருடையது நீக்கிவிட்டது. கன்டெய்னர்களை நிறுத்தும் யார்டில், பட்டியலில் கண்டபடியே பதினெட்டு டிகிரி வைத்துவிட்டார்கள். கன்டெய்னர் கதவைத் திறந்தபோது இறால் மொத்தமும் அழுகி நாறியது.

மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலாளி முன்னால் அக்காவிடம் கேட்டார்: "ஏளா, ஃபைல்ல முதல் வரியில ஒம்பேருதான கெடக்கு?" நகலெடுத்தவர் அதைக்கூட அழிக்கவில்லை. "அண்ணாச்சி, நான் எழுதுனது ஓடவே இல்ல. உங்களுதுதான் அதுமேல ஏறி உக்காந்திருக்கு" என்றார் அக்கா. நான் திரையில் இரண்டையும் திறந்து காட்டினேன். "கம்ப்யூட்டர் கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்" என்று முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவின் வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. அன்று மாலையே அக்காவுக்கு வேலை போனது. மேனேஜர் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டிருந்தார். அந்த மெல்லும் வாயை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

போன வாரம் அவருக்கு ஓய்வு விழா. இலையில் இறால் தொக்கு வைத்தார்கள். கை வைக்காமல் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ், அவர் சிரித்த முகம். கீழே, 'நம் அலுவலகத்துக்குப் பட்டியல் சரிபார்ப்பை எழுதித் தந்தவர்' என்று கொட்டை எழுத்து. முடிவில், ஆளுயரத்துக்கு, அதே குறி.