அமாவாசையில் மூடிய ஸ்டேஷன்

1. ஆய்வு

அமாவாசையன்று ஆய்வுக்கு வந்த அந்த ஆபீசரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோவைக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் ஸ்டேஷன் மாஸ்டர். பக்கத்து கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்காகவே கட்டிய ஸ்டேஷன் அது. உரம், அரிசி என்று கூட்ஸ் வண்டி வந்து நிற்கும். காலை பாசஞ்சரில் வந்து மேஸ்திரியிடம் முகம் காட்டினால்தான் அன்றைக்கு வேலை. முதல் பஸ்ஸில் வருகிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. வண்டி நின்றதும் முதலில் இறங்குகிறவர் மருதாசலம். என்னைப் பார்த்து, "வாரேனுங்க மாஸ்டரு" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்.

அமாவாசையன்று மட்டும் ஒருவரும் மூட்டையைத் தொடமாட்டார்கள். பாதிப் பேர் ஆனைமலை மாசாணியம்மனைப் பார்க்கப் போய்விடுவார்கள். மாதா கோயிலுக்குப் போகிற அந்தோணியும் வரமாட்டான். "எனக்கு மூட்டையத் தூக்கியுட ஆளு வேண்டாமுங்களா?" என்பான்.

அப்படி ஒரு நாளில்தான், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று கணக்கெடுக்க ஆபீசர் வந்து காலி பிளாட்பாரத்தில் நின்றார்.

"என்ன மாஸ்டர், ஒருத்தர்கூட எறங்கலையே?"

"இன்னைக்கு அமாவாசைங்க சார். வேலைக்கு வரமாட்டாங்க. நாளைக்கு ஒருக்கா வந்து பாருங்க, நிக்க எடமிருக்காதுங்க."

"ரயில்வே பஞ்சாங்கம் பாத்து ஓடறதில்ல மாஸ்டர்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ஆளே இறங்காத ஸ்டேஷன் என்று ரிப்போர்ட் போட்டார். நான் விளக்கம் எழுதி மேலே அனுப்பினேன். யார் படித்தார்கள்? கொஞ்ச நாளில் ஸ்டேஷனை மூடிவிட்டு என்னை அடுத்த ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

2. நிற்கிற ரயில்

கொடுமை என்னவென்றால், ரயில் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அடுத்த ஸ்டேஷனில் லைன் கிடைக்கும்வரை, பழைய பிளாட்பாரத்தைத் தாண்டியதும் சிக்னலில் நிற்கும். நின்றால் மூட்டை தூக்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஜல்லியில் குதித்து ஓடினார்கள். ஒரு மழை நாளில் மருதாசலம் வழுக்கி விழுந்ததில் முட்டி நொறுங்கிப் போனது. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் இறங்கியதாக அவர்மேலேயே கேஸ் வேறு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஏனுங்க மாஸ்டரு, ரயிலு நிக்குதுங்களே. நின்ன ரயில்ல இருந்து எறங்குனாக் குத்தமுங்களா?"

நேராக அந்த ஆபீசரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அது டெக்னிக்கல் ஸ்டாப். பப்ளிக் எறங்கக்கூடாது" என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"டெக்னிக்கலா நின்ன ரயில்ல இருந்து அந்தாளு நெசமாலுமே உழுந்துட்டாருங்க சார்! இனி மூட்டை தூக்க முடியாதுங்க. அவரு ஊட்டுல வந்து உங்க டெக்னிக்கலச் சொல்லுங்க பாக்கலாம்!"

நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் ஆள் கூடிவிட்டது. எனக்கு ஒரு மெமோ வந்தது. ஸ்டேஷன் திறக்கவில்லை.

3. சர்வீஸில் கற்றது

இலாகாவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் ஸ்டேஷனை அளக்க ஒருவர் வந்து சிரித்தால், விளக்கம் எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மறித்து நில்லுங்கள். மறுநாள் காலை ரயில் வரும்வரை அவரை நகர விடாதீர்கள். அதற்கும் மெமோ வரும், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மனுசன் முட்டி உடைவதற்கு அது எவ்வளவோ தேவலை.