பூட்டிய கடைக்கு ஓர் இணைய வகுப்பு

கண்டியில் இன்று கலைஞர்களைத் தொழில்முனைவோராக்கும் வகுப்பு. எங்கள் நாடகக்குழு சார்பில் நானும் போயிருந்தேன். ஊரடங்குக்கு முன் வீடு சேரவேண்டும் என்று எல்லாருடைய கண்ணும் மணிக்கூட்டில்தான்.

வகுப்பெடுத்த அதிகாரி பலகையில் பெரிதாக எழுதினார்: ‘முகநூலில் விற்றுப் பழகுங்கள்.’

கலவரத்தைக் காரணம் காட்டி முகநூலை அரசாங்கம் முடக்கி மூன்று நாள் ஆகிறது.

என் பக்கத்தில் இருந்த பரீனா எழுந்தார். கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் கடை வைத்துக் கலியாண மேடை அலங்காரக் குழு நடத்துகிறவர்.

“சேர், கலவரத்தால கட தொறக்க ஏலா. பேஸ்புக்கும் தொறக்க ஏலா. இப்ப நான் எதத் தொறக்கிற?”

“நிலைமை சரியானதும் செய்யுங்க மிஸ்.”

தேநீர் இடைவேளையில் அதே அதிகாரி போனோடு வந்தார். “மிஸ், தடையத் தாண்டுற இந்த விபிஎன் எப்படிப் போடுறது?”

பரீனா போட்டுக் கொடுத்தார். “இப்ப பேஸ்புக்குட கணக்குல ஒங்கட போன் நெதர்லாந்துல ஈக்கிது சேர்.”

அவர் சிரித்தார். பரீனா சிரிக்கவில்லை.

இப்போது நானும் பரீனாவும் பஸ் நிலையத்தில் நிற்கிறோம். திகனவுக்கு பஸ் இல்லையாம். இந்த முகநூல் பதிவை நானும் நெதர்லாந்திலிருந்துதான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் வாகனத்தில் போகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், பரீனாவை ஏற்றிப்போக முடியுமா என்று உடனே சொல்லுங்கள்.

நெதர்லாந்தில் ஆறு மணிக்கு ஊரடங்கு.