ஸ்கேன் எடுப்பவளின் முகம்

எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஸ்கேன் எடுப்பவளுக்குக் 'கருங்கல்' என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். நர்ஸாக இருந்து என்ன, என் வாய் சும்மா இருக்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் உச்சிக்குழியில் ஜெல் தடவி, கருவியை மெல்ல வைத்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் பெற்றவள் திரையையா பார்ப்பாள்? இவள் முகத்தைத்தான் பார்ப்பாள். அதில் ஒன்றுமே இருக்காது. "சிரிச்சா முத்தா கொட்டிடும்?" என்று நானே கேட்டிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

அவள் தங்கைக்கே ஏழாம் மாதத்தில் பிரசவம் ஆகிவிட்டது. அன்று ஸ்கேனுக்கு வேறு ஆள் இல்லை. தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்து, குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டியருகே கொண்டுவந்தேன்.

"அக்கா, பையன் நல்லா இருக்கானா? தலைய மட்டும் ஆட்டு, போதும்."

"டாக்டர் வந்து சொல்லுவார்டி."

ஜெல்லைத் துடைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். அங்கே துப்பட்டா நுனியைக் கசக்கியபடி இன்னொரு தாய், தனியாக. அவளுக்கும் அதே முகம், அதே பதில். தங்கை பகல் முழுக்கத் தேம்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்தவளிடம் கூடவா சட்டம் பேசுவது?

டாக்டர் மாலையில்தான் வந்தார். தங்கை பிள்ளைக்குக் கசிவு இல்லை, எதற்கும் அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த இன்னொரு தாயின் எதிரே உட்கார்ந்தார். அதற்குள் அவள் புருஷன் வந்து சேர்ந்திருந்தான். டாக்டர் பேசப் பேச, அவள் அவன் தோளில் சாய்ந்துவிட்டாள்.

தங்கை அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்குக் காலையிலயே தெரியும்ல? இவ்ளோ நேரம் அழ விட்டியே, நீ மனுஷிதானா?"

"உன் பையனப் பாக்கும்போது அவ பிள்ளைக்கு என்னன்னு எனக்கே தெரியாதுடி. ஆனா அவ நம்மளையேதான் பாத்துட்டிருந்தா. உன்கிட்ட தலைய ஆட்டிட்டு அவகிட்ட ஆட்டாம போயிருந்தா? துணைக்கு ஒரு ஆள் இல்லாம அவ என்ன பண்ணிருப்பா?"

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன் அதிர்ந்தது. அவள் புருஷன்.

"ம்... டாக்டர் பாத்துட்டார்" என்றாள், பக்கத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "இருங்க, வெளில வந்து சொல்றேன்."

நான் சக்கர நாற்காலியை வெளியே தள்ளினேன். கதவு சாத்திக்கொள்ளும்வரை தங்கை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.